வடிகட்டியைக் கழுவியது பற்றித் தங்கைக்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
புரட்டாசி, இரண்டாவது வியாழன்.

என் கூடப்பிறந்த செல்லியம்மாளுக்கு, அண்ணன் கண்ணாயிரம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவிப்பது என்னவென்றால், இங்கே நான் சுகம். சுகம் இல்லை; ஆனால் சுகம் என்று போடாமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது என்கிறான் கோதண்டபாணி. அவனை உனக்குத் தெரியும். நெசவாளர் சொசைட்டியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவன், என் எதிர்வீடு. எனக்கு எழுத வராது, உனக்கு வாசிக்க வராது, நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடிதம் போக வேண்டுமென்றால் இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்து ஆள் உன் பேத்தி ஜீவிதா என்று வைத்துக்கொண்டு அவளுக்கும் ஒரு வார்த்தை: ஜீவிதா, ஆயாவுக்கு வலது காது மந்தம், இடது பக்கமாக உட்காரு. பாப்பா தூங்கிய பிறகு ஆரம்பி. நடுவில் ஆயா எழுந்து மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்றால், மாடு எங்கேயும் போகாது என்று சொல்லி உட்காரவை.

கோதண்டபாணி முதலில் சுருக்கமாக முடித்துவிடப் பார்த்தான். "விஷயத்த நாலு வரியில சொல்லுபா, நான் அழகா எழுதித் தரேன்" என்றான். என்ன எழுதுவாய் என்று கேட்டேன். "நடந்த தவறுக்கு வருந்துகிறேன், மன்னிக்கவும், இப்படிக்கு" என்று வாயாலேயே எழுதிக் காட்டினான். சொசைட்டியில் நூல் குறைந்தால் இப்படித்தான் எழுதுவார்களாம். நாற்பத்தைந்து வருஷத்துச் சங்கதியை நூல் குறைந்த மாதிரி முடிக்க முடியாது, நான் சொல்லச் சொல்ல எழுது, கை வலித்தால் டீ குடித்துவிட்டு எழுது என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை இரண்டு டீ ஆகியிருக்கிறது.

எனக்குப் படிப்புதான் இல்லையே தவிர, நடந்தது எதுவும் என் மண்டையை விட்டுப் போனதில்லை. உன் கல்யாணம், நாம் பார்க்க முதல் தடவை அத்திவரதர் எழுந்த வருஷம், ஆவணி மாதம். அவர் மறுபடி குளத்துக்குள் போய் இருபது நாள் இருக்கும். சாம்பாரில் உப்பு தூக்கல். மாணிக்கவேல் மச்சான், மாப்பிள்ளைக் கோலத்தில், பட்டு வேட்டி நனைய நனையத் தன் கையால் இறைத்து எனக்கு மூன்று சொம்பு தண்ணீர் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் சாயப்பட்டறைக்குப் போனவன் நான். தண்ணீரை நாக்கில் வைத்தால் எனக்குத் தெரியும். உப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, இனிப்பு. இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கும், மாம்பழ மஞ்சள் மாம்பழ மஞ்சளாகவே நிற்கும், அரக்கு திட்டு விழாது என்று அந்த இடத்திலேயே கணக்குப் போட்டேன். அம்மாவும் மற்றவர்களும் உன்னைக் கட்டிக்கொண்டு அழுத நேரத்தில் நான் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் துக்கம் தாங்காமல் கிணற்றுப் பக்கம் போய் நிற்கிறான் என்று நீ நினைத்தாயாம். அது துக்கம் இல்லை செல்லி, ஆசை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த ஆசையை ஐந்து வருஷம் மனதில் வைத்திருந்து, டவுனில் தண்ணீர் கெட்டுப்போய் எங்கள் முதலாளி இடம் தேடியபோது உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். கிணற்றை ஒட்டி ஒரு கொட்டகை, நாலு அடுப்பு, நாலு தொட்டி, அவ்வளவுதான் என்றேன். மச்சான் வேண்டாம் என்றார். "பயிர் வெக்கற எடத்துல சாயம் எதுக்குபா" என்று அவர் கேட்டது சரியான கேள்வி. பதில் சொன்னது நான் இல்லை, நீ. "எங்கண்ணன் கேக்குது, குடு. அது நமக்குக் கெடுதல் பண்ணுமா?" என்றாய். இடுப்பில் பிள்ளை, கையில் சாணிக்கூடை, நின்ற இடம் மாட்டுத்தொட்டிப் பக்கம். இதை எழுதும்போது கோதண்டபாணி என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறான். தூசியாம்.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கொட்டகை ஓடியது. காய்ச்சின சாயத்தின் மிச்சத்தைக் கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பள்ளத்தில் கொட்டினோம். மண் குடித்துக்கொள்ளும் என்று நினைத்தோம், குடித்தது. பிறகு தண்ணீரில் சோப்பு நுரைப்பது குறைந்தது, மஞ்சள் மங்கலாக விழ ஆரம்பித்தது, முதலாளி "இந்தத் தண்ணி சரியில்ல, வேற எடம் பாப்போம்" என்று கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போனார். கெடுத்தவர்களே தண்ணீர் சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போனோம். நீங்கள் மேலும் பத்து வருஷம் அதையே குடித்துக்கொண்டு இருந்தீர்கள். மச்சானுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, கிட்னி என்றார்கள், போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தில் பந்தலில் அத்தனை பேர் முன்னால் நீ என் இலைக்கு எதிரே வந்து நின்று சொன்னாய்: "நீ கெடுத்த தண்ணிய நீயே வந்து சரி பண்ணு. அன்னியோட உனக்கும் எனக்கும் தீந்துது." இலையில் அப்போதுதான் வடை வைத்தார்கள். அப்படியே மூடிவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு எட்டு வருஷம் நீ என்னிடம் பேசவில்லை.

நடுவில் ஒரு முறை பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது தடவை அத்திவரதர் எழுந்தபோது, வரிசையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். ஏழு மணி நேரம். கூட்டம் நெருக்கி நெருக்கி என் தோளும் உன் தோளும் இடித்தது, நீ திரும்பவில்லை. பெருமாளை நாலு விநாடிதான் பார்க்க விட்டார்கள், உன்னை ஏழு மணி நேரம் பார்த்தேன். எந்தத் தரிசனத்துக்கு வந்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அப்புறம் ஜீவிதாவின் பாப்பா. பிறந்து இரண்டு மாதத்தில், தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால் கொடுத்து, அந்தப் பாலைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து, பிள்ளைக்கு உதடும் நகமும் நீலம் பூத்ததைத் தெருவில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீலம் என்று சொன்னதும் என் சாயம் பிள்ளைக்குள் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்தது. டாக்டர் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். அப்படித்தான் வைதேஹி வந்தாள்.

வைதேஹி சின்ன காஞ்சிபுரத்துப் பெண். தண்ணீரைப் பற்றியே பெரிய படிப்புப் படித்தவள். உன் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு, இதில் சாயத்தில் வருகிற உலோகம் எல்லாம் இருக்கிறது, எந்தச் சாயம், எவ்வளவு நாள், எங்கே கொட்டினார்கள் என்று கேட்டு முதலாளி வீட்டுக்குப் போயிருக்கிறாள். முதலாளி மகன், ஒரு காகிதமும் இல்லை, எங்கள் பட்டறையில் கண்ணாயிரம் என்று ஒருத்தர் இருந்தார், எல்லாக் காகிதமும் அவர் தலைக்குள்தான் என்று அனுப்பிவிட்டான். வந்தாள். உட்காரவைத்துச் சொன்னேன். எந்த வருஷம் அரக்கு அதிகம், எந்த வருஷம் மயில்கழுத்து, எந்தக் கல்யாணத்து ஆர்டருக்குக் கிளிப்பச்சை, சாயம் நிற்க எப்போது பைக்ரோமேட் போட்டோம், எப்போது மயில்துத்தம் போட்டோம், பள்ளம் நிரம்பியபோது இரண்டாவது பள்ளம் எந்தப் பக்கம் தோண்டினோம். நாலு மணி நேரம் சொன்னேன். எழுதி எழுதி அவள் பேனா தீர்ந்து என் பேரனின் பேனாவை வாங்கினாள். கடைசியில் "தாத்தா, நீங்க ஒரு ரெக்கார்டு ரூம்" என்றாள். என் வாழ்க்கையில் என் ஞாபகத்தை ஒருத்தர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பாராட்டியது எதை? நான் விஷம் கொட்டிய கணக்கை.

பிள்ளை நீலமானது உங்கள் சாயத்தால் இல்லை, அது நைட்ரேட் என்று அவள்தான் சொன்னாள். வயலில் போடுகிற யூரியா, மாட்டுக்கொட்டகைக் குழி, இதெல்லாம் இறங்கி இறங்கிக் கிணற்றுக்குள் போவது. அளவு நாற்பத்தைந்து தாண்டக்கூடாதாம், உன் கிணற்றில் நூற்று அறுபது. "அப்போ அது மச்சான் போட்ட யூரியாவா?" என்று கேட்டேன். "அதுவும் இருக்கு தாத்தா. உங்களோடதும் இருக்கு. கிணத்துல ரெண்டும் சேர்ந்துண்டிருக்கு" என்றாள். செல்லி, அந்த நிமிஷம் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. என் பங்கு பாதி, அவர் பங்கு பாதி என்று செத்துப்போன மனுஷனோடு மனதுக்குள் பாகப்பிரிவினை பண்ணினேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. மறுநாள் அவளிடம், மச்சான் கிட்னி போனதும் அந்தத் தண்ணீராலா என்று கேட்டேன். "அப்படி உறுதியா சொல்ல முடியாது தாத்தா" என்றாள். ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம், இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

மாசி மாதம் வைதேஹியின் ஆட்கள் உன் கிணற்றுக்குப் பக்கத்தில் வடிகட்டிக்கான அந்த மூன்று சிமெண்ட் உறைகளையும் இறக்கினார்கள். அதற்கு நான்தான் காவல் என்று நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் உறையில் கூழாங்கல்லும் கல்வாழையும், இரண்டாவதில் தச்சுப்பட்டறை மரச்செதிலும் தேங்காய் நாரும், மூன்றாவதில் காற்றுப் புகாமல் மூடின மக்கிய இலைதழையும் கரியும். மோட்டார் போட்டால் கிணற்றுத் தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாக இறங்கி, கடைசியில் மணலில் வடிந்து தொட்டிக்கு வரும். மருந்து கிடையாது, அந்த மோட்டாரைத் தவிர வேறு மெஷின் கிடையாது. கல்லிலும் செதிலிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ஒட்டி வளர்ந்து, நைட்ரேட்டைத் தின்று காற்றாக விட்டுவிடுமாம். மூன்றாவது உறையில் இருக்கிற கிருமிகள் உலோகத்தைப் பிடித்துக் கறுப்புச் சேறாக உட்காரவைத்துவிடுமாம். வாரம் இரண்டு நாள் வெல்லம் கரைத்து ஊற்ற வேண்டும், அதுதான் அவற்றுக்குக் கூலி. இப்படிப்பட்ட ஆட்கள் கிடைத்தால் எங்கள் முதலாளி கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பார்: தீபாவளி போனஸ் கேட்காது, லீவு கேட்காது, பேச்சும் கிடையாது. நாற்றம் மட்டும் உண்டு, அழுகின முட்டை நாற்றம். வைதேஹியின் அம்மா ஒரு நாள் பார்க்க வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏண்டி, இத்தனை படிச்சுட்டு சாக்கடையா வளர்க்கறே?" என்று கேட்டுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏழு மாதம், ஞாயிறு தவிர தினமும், முசரவாக்கம் வழியாக வருகிற முதல் பஸ்ஸில் வந்து உன் புழக்கடையில் உட்கார்ந்தேன். நீ பேசவில்லை. என்னிடம் பேசவில்லை, ஆனால் கோழியிடம் பேசினாய். சித்திரை வெயிலில் ஒரு நாள், "மண்ட காயற வெயில்ல உக்காந்துக்கினு இருக்குது ஒரு கிழம். செவுத்துக்கு அந்தப் பக்கம் நெழல் இருக்குது, கண்ணு தெரியல" என்று கோழிக்குச் சொன்னாய். நான் எழுந்து நிழலுக்குப் போனேன். கோழி வெயிலிலேயே நின்றது. இன்னொரு நாள், "சில பேருக்கு இருமல் வந்தா துளசி போட்டுக் குடிக்கணும்ன்ற அறிவு கூட கிடையாது" என்று மாட்டுக்குச் சொன்னாய். குடித்தேன், இருமல் நின்றது. நீ துணி காயப்போடுகிற சத்தம், பாப்பாவுக்குக் கேன் தண்ணீரில் பால் கரைக்கிற ஸ்பூன் சத்தம், மத்தியானம் நீ சுவரில் சாய்ந்து பெருமூச்சு விடுகிற சத்தம், இதெல்லாம் எனக்குக் கேட்கும். உன் அண்ணி பெரியநாயகி போன பிறகு நான் இவ்வளவு பேச்சுத்துணையோடு இருந்தது அந்த ஏழு மாதம்தான்.

எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. நூற்று அறுபது, நூற்றுப் பத்து, எழுபத்து மூன்று, நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு. உலோகமும் அளவுக்குள் வந்துவிட்டது என்றாள் வைதேஹி. இரண்டு தடவை சரியாக வந்தாயிற்று. மூன்றாவது தடவை அதிகாரிகள் எதிரில் எடுத்து அதுவும் சரியாக வந்தால், குடிக்கலாம் என்று காகிதம் கொடுத்து, மோட்டார்ப் பெட்டிச் சாவியை உங்கள் வீட்டில் ஒப்படைத்துவிடுவார்கள், அதோடு காவல் முடிந்தது என்றார்கள். ஆவணி மாதக் கடைசியில் நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் மத்தியானம் நீயும் ஜீவிதாவும் பாப்பாவுக்குத் தடுப்பூசி போட டவுனுக்குப் போயிருந்தீர்கள். புழக்கடையில் நானும் கோழியும்.

இப்போதுதான் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறேன். கோதண்டபாணி மூன்றாவது டீக்கு எழுந்தான், உட்காரவைத்துவிட்டேன். செல்லி, எங்கள் தொழிலில் ஒரு தொட்டியில் இன்றைக்கு அரக்கு காய்ச்சினால், நாளைக்கு மஞ்சளுக்கு முன்னால் அதைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். விரல் வைத்துப் பார்த்தால் வழவழப்பு இருக்கக்கூடாது, இருந்தால் அடுத்த பட்டு திட்டுத்திட்டாகப் போய்விடும், சேலை போனால் எங்கள் தலையில்தான் விடியும். ஐம்பது வருஷம் தேய்த்த கை இது. நாளைக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், உறையை எட்டிப் பார்க்கிறேன், கல் எல்லாம் பச்சையும் பழுப்புமாகச் சளி பிடித்த மாதிரி வழவழ என்று இருக்கிறது. அந்த வழவழப்புதான் வேலை செய்கிற கிருமி என்று வைதேஹி எப்போதோ சொல்லியிருந்தாள், அந்த நேரத்துக்கு மறந்துவிட்டேன். வயசாகிவிட்டது. கை தானாகப் போயிற்று. பட்டுக்குக் கஞ்சி எடுக்கிற சோப்பும் சோடாவும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தேன், வெந்நீர் வைத்தேன், முதல் உறைக் கல்லை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன், இரண்டாவது உறைச் செதிலைக் கூடைகூடையாக அள்ளி அலசினேன். மூன்று மணி நேரம். முடித்தபோது கல் ஒவ்வொன்றும் தேர் ஓடுகிற தெருவில் தண்ணீர் தெளித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவிட்டு, நீங்கள் வருவதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் வரும்போது அதிகாரிகள் இரண்டு பேர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு உன் மாட்டுக்கொட்டகைத் திண்டு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். மோட்டார் போட்டிருக்கிறார்கள், மிச்சமிருந்த சோப்பு பொங்கி, மூன்று உறையும் கல்யாண வீட்டுப் பால் பானை மாதிரி நுரை தள்ளிக்கொண்டிருந்தது. நுரை வாய்க்காலில் இறங்கி, புழக்கடை நிரம்பி, கோழிக்குக் கழுத்து மட்டும் தெரிந்தது. "இதுவும் உங்க டெக்னாலஜியாம்மா?" என்று ஓர் அதிகாரி கேட்டார். இன்னொருவர் போனில் படம் பிடித்தார். வைதேஹி ஒரு கல்லை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். பட்டுப் புடவையைத் தடவிப் பார்த்து விலை சொல்கிறவர்கள் தடவுவது போலத் தடவினாள். பிறகு அந்த நுரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா, நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். திட்டவில்லை. அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேன்.

திட்டியது நீ. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நுரைக்குள் இறங்கி வந்து, கோழியைப் பார்க்காமல், மாட்டைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்து, "அறிவிருக்குதா உனக்கு? ஏழு மாசம் காத்துக்கினு கெடந்தேனே, கொழந்தைக்கு ஒரு வாய் நல்ல தண்ணி குடுக்கலாம்னு. இதயும் நீயே வந்து கெடுத்துட்டுப் போறியா?" என்றாய். எட்டு வருஷத்துக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய பேச்சு. அன்று எடுத்த தண்ணீரில் எண்ணிக்கை நூற்று ஐம்பத்திரண்டு. காகிதம் கொடுக்காமல் போய்விட்டார்கள். நான் அடுத்த பஸ்ஸில் வந்தவன்தான், இன்றோடு பதினாலு நாள் அங்கே வரவில்லை.

இனியும் வரமாட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சரி பண்ணு என்றாய், சரி பண்ணத் தெரியவில்லை. உனக்கும் எனக்கும் தீர்ந்தது என்று நீ சொன்னதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். வைதேஹி வேறு யாரையாவது காவலுக்குப் போட்டுக்கொள்ளட்டும், வயசான ஞாபகமறதிக்காரன் வேண்டாம். நீயும், உன் மகனும் மருமகளும், ஜீவிதாவும் பாப்பாவும், மாடு கன்று எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஏகாம்பரநாதரும் காமாட்சியும் துணை நிற்கட்டும். எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கண்ணாயிரம் (இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: கோதண்டபாணி கவரில் பசை தடவிவிட்டான். பிரிக்கச் சொல்லி இதை எழுதுவிக்கிறேன். ஜீவிதா, இதையும் ஒரு எழுத்து விடாமல் படி.

மேலே மறந்துவிட்டேன் என்று எழுதியிருப்பது பொய். சித்திரை பதினொன்றாம் தேதி, வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆடிப் பெருக்குக்கு மறுநாள், மூன்று தடவை வைதேஹி என்னிடம் சொன்னாள்: "தாத்தா, அந்த வழவழப்பைத் தேய்க்கப்படாது, அதுதான் நமக்கு உசிரு." மூன்று தடவையும் அவள் என்ன நிறத் தாவணி, என்ன நிறச் சுடிதார் என்று கூடச் சொல்வேன். மூன்றாவது உறையில் நான் கை வைக்கவில்லை. அந்தக் கறுப்புச் சேற்றைக் கலக்கினால் பிடித்துவைத்த விஷம் எல்லாம் உன் தொட்டிக்கு வந்துவிடும் என்று தெரிந்து, அதன் மூடியைக் கூடத் தொடவில்லை. மறந்தவன் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கழுவுவானா? வீட்டிலிருந்து யாராவது சும்மா சோப்பும் சோடாவும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்களா?

முப்பத்தெட்டு என்று அவள் சொன்ன அன்றே எனக்குப் பயம் வந்துவிட்டது. தண்ணீர் சரியானால் அன்றோடு தீர்ந்தது என்று சொன்னவள் நீ. நீ சொன்னால் செய்கிறவள். சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாய், அதற்கப்புறம் எனக்கு அந்தப் புழக்கடையில் உட்கார என்ன காரணம் இருக்கிறது? இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போகட்டும் என்றுதான் தேய்த்தேன். குழந்தையை நினைக்கவில்லையா என்று கேட்பாய். நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் தேய்த்தேன்.

"இத எழுதினா அவ உன்ன அடிப்பாபா" என்கிறான் கோதண்டபாணி. எழுது என்றேன்.

கவரில் பசை தடவின பிறகு வைதேஹி வீட்டுக்கு வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு, மூன்றாவது உறை நன்றாக இருப்பதால் மற்ற இரண்டும் ஆறு வாரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும், வெல்லம் ஊற்ற ஆள் வேண்டும் என்றாள். "வரேளா?" என்று கேட்டாள்.

அதனால் வரமாட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடச் சொன்னேன். சுத்தமாக எழுதின கடிதத்தில் அடிக்க மாட்டேன் என்கிறான். நீயே அடித்ததாக நினைத்துக்கொள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ திட்டினாலும் அடித்தாலும் ஆறு வாரம் உட்கார்ந்திருப்பேன், எதையும் கழுவ மாட்டேன். எண்ணிக்கை இறங்கட்டும், அதிகாரிகள் வரட்டும், சாவியை உன் கையில் கொடுக்கிறேன். அப்புறம் நீ கதவைச் சாத்திக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். குழந்தை குடிக்கட்டும்.